என் அறையை விட்டுப் போன ரம்பம்

எங்கள் கம்பெனியின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நாங்கள் செய்த முதல் ரம்பம். கீழே ஒரு பலகை: 'வேலை நடக்கும் இடத்துக்கே தூக்கிச் செல்லும் மூலைவெட்டு ரம்பம். தச்சர்களின் சிரமம் தீர்க்கப் பிறந்தது.' வருகிறவர்கள் குனிந்து படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நடப்பேன். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். அது தச்சர்களின் சிரமம் தீர்க்கப் பிறந்ததே இல்லை. எனக்கு என் அறை திரும்ப வேண்டியிருந்தது. அதற்காகப் பிறந்தது.

அப்போது நாங்கள் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருந்தோம். சமையலறை, படுக்கையறை, தெருவைப் பார்த்த முன்னறை. முன்னறையில் அகலமான ஒரு சன்னல். கல்யாணமான புதிதில் அந்தச் சன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே ஒரு தையல்கடை. தையல்காரர் துணியை வெட்டுவதற்கு முன்னால் அதனிடம் ஏதோ பேசுவார். என்ன பேசுகிறார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ஒரு மனிதரை அவருக்குத் தெரியாமல், எந்தக் காரியமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நேரத்தில் நான் யாருக்கும் எதுவாகவும் இல்லை.

என் கணவருக்கு மோட்டார் ரீவைண்டிங் வேலை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுப்பார். அவருடைய அக்காவின் கணவர் தச்சர். முறைப்படி எனக்கு அண்ணன், அவருக்கு மச்சான். சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்பவர்களைப் போல அண்ணன் இடுப்பில் எப்போதும் ஒரு மூலைமட்டம், மூலை நேர்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, செருகியிருப்பார். சாப்பிட வந்தால் தட்டு மேஜைக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள்.

அவருடைய தீராத புலம்பல் ஒன்று இருந்தது. சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் பலகை பொருத்தும்போது, அறையின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பலகைகளைச் சாய்வாக வெட்டிச் சேர்க்க வேண்டும், படச்சட்டத்தின் மூலையைப் போல. கையால் வெட்டினால் பொழுது போய்விடும். மிஷினில் வெட்டலாம் என்றால் அது பட்டறையில் தரையோடு முடுக்கப்பட்டுக் கிடக்கும். மாடியில் அளவெடுத்து, பட்டறைக்கு ஓடி, வெட்டி, திரும்ப ஏறி, நூலளவு கூடிவிட்டால் மறுபடி ஓட்டம்.

"என் ஆயுசுல பாதி படிக்கட்டுலயே போச்சு மாப்ளே" என்றார் ஒரு நாள்.

"மிஷின் உங்ககிட்ட வந்தா என்ன மச்சான்?" என்றார் என் கணவர்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைக் கண்டதுமே என் நாற்காலி போகப்போகிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதலில் என் பீரோவை முன்னறை மூலையிலிருந்து நகர்த்தினார்கள். அதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த மூலையில் பீரோ என்றைக்குமே சரியாக உட்கார்ந்ததில்லை. முன்விளிம்பு சுவரைத் தொடும், பின்னால் ஒரு சந்து இருக்கும். என் சீப்புகளும் ஊக்குகளும் அதற்குள் விழுந்து காணாமல் போகும். பீரோ நகர்ந்ததும் எல்லாம் கிடைத்தது. பிறகு அங்கே ஒரு இரும்பு மிஷின் வந்தது. மேலே மோட்டார், அதில் வட்ட ரம்பம், அதைத் தாங்கும் கை, கீழே திரும்பும் மேடை. ஆடாமல் இருக்கத் தரையில் துளை போட்டு முடுக்கினார்கள். தூக்கிக்கொண்டு போகிற மிஷின் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே முடுக்கினார்கள்.

மாதங்கள் போயின. தலையணையைத் தட்டினால் மரத்தூள். உப்பு ஜாடியில் மரத்தூள். என் தலைமுடியை என் கணவர் ஆசையாக முகர்ந்துவிட்டு, "தேக்கு" என்பார். மறுநாள், "இன்னைக்கு வேற மரம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அண்ணி இருவரும் வந்திருந்தபோது கேட்டுவிட்டேன்.

"இந்த மிஷின் என்னைக்கு வெளிய போகும்?"

"தூக்க முடிஞ்ச அன்னைக்குப் போயிரும்" என்றார் என் கணவர்.

"யாரு தூக்க முடிஞ்ச அன்னைக்கு?"

"யார் வேணா தூக்கலாம். அதானே விஷயமே."

"அப்ப நான் தூக்கற அன்னைக்கு."

அண்ணன் கைதட்டினார். "சரியான பந்தயம்! தங்கச்சி தனியா தூக்கிட்டுக் கீழ எறங்கினா, இந்தப் பட்டறையை எங்க வீட்டுப் பின்னால இருக்கற கொட்டகைக்கு மாத்திரலாம். ஆனா ஒண்ணு. போன இடத்துல மிஷின் ஒழுங்கா வெட்டணும். வெட்டலைன்னா ரிப்பேருக்குத் திரும்ப இங்கதான் வரும்."

"சம்மதம்" என்றேன்.

என் நாத்தனாருக்கு விஷயம் விளங்கவில்லை. "ஏண்டி, அந்த ரூம்ல என்ன பண்ணப் போற? தையல் மிஷின் போடப் போறியா?"

"இல்ல அண்ணி."

"ட்யூஷனா?"

"அதுவும் இல்ல."

"பின்ன?"

"சும்மா உக்காரணும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவளைப் போல எனக்கு முகம் சூடாகியது. தையல் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு காரியத்துக்கு இடம் கேட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். காரியமே இல்லாமல் இருப்பதற்கு இடம் கேட்பவள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. விளக்கம் என்னிடம் இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது. அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது.

"சும்மா உக்கார ஒரு ரூமா! சரியாப் போச்சு" என்று மோவாயில் கை வைத்தார் அண்ணி. கொஞ்ச நேரம் கழித்து, சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, பாத்திரத்தைக் கழுவியபடி, "கெடைச்சா எனக்கும் ஒரு நாற்காலி போடு" என்றார்.

அன்றுமுதல் நான் அவர்களுடைய எடைக்கல் ஆனேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தரைத் திருகுகளைக் கழற்றிவிட்டு, "வாம்மா, தூக்கிப் பாரு" என்று கூப்பிடுவார்கள். இரும்பு மேடை போய் அலுமினிய மேடை வந்தது. தூக்க முடியவில்லை. மோட்டார் சிறியதாயிற்று. முழங்கால் உயரம் வரை தூக்க முடிந்தது.

என் கணவர் ஆள் வாட்டசாட்டம். ஒரு கையால் தூக்கிக் காட்டி, "பூ மாதிரி இருக்கு" என்பார்.

"உங்களுக்கு நானே பூ மாதிரிதான். என்னையும்தான் தூக்கறீங்க."

"உன்னைத் தூக்கறது சுலபம். நீ இப்படி ஒரு பக்கமா இழுக்கமாட்ட."

சொன்னவர் நின்றுவிட்டார். ஒரு பக்கமாக இழுக்கிறது, அதுதான் விஷயம். கைப்பிடியை அவர் மோட்டாரின் பக்கவாட்டில் வைத்திருந்தார், பார்க்க அழகாக இருக்கும் என்று. தூக்கினால் மிஷின் சாய்ந்து என் முழங்கால் எலும்பில் இடிக்கும். "தண்ணிக் குடத்தை யாராவது கையை நீட்டிப் புடிச்சுத் தூக்குவாங்களா? பாரம் ஒடம்போட ஒட்டி வரணும்" என்றேன். நடுவில், பாரம் சமமாகும் இடத்தில் கைப்பிடி மாறியது. அந்த வாரம் வாசல்வரை கொண்டுபோய்விட்டேன்.

வாசலில் வேறொரு சிக்கல். ரம்பத்தின் கையை மேலே தூக்கி நிறுத்த ஒரு ஸ்பிரிங் உண்டு. நடக்க நடக்க அந்தக் கை குதித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆட்டம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் தோளில் ஒரு இழுப்பு. தூங்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் போல இருந்தது. அண்ணனும் அவரும் ஸ்பிரிங்கை மாற்றுவதா, எடுத்துவிடுவதா என்று ஒரு நாள் முழுக்க விவாதித்தார்கள். எனக்குப் பொறுமை போயிற்று. உள்ளே போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த பாவாடையிலிருந்து நாடாவை உருவி வந்து, கையைக் கீழே அமுக்கி மேடையோடு இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டேன். குழந்தை அடங்கிவிட்டது.

இரண்டு ஆண்களும் அந்த முடிச்சையே பார்த்தார்கள்.

"மாப்ளே, இது என்ன நாடா?" என்றார் அண்ணன் தயங்கி.

"கேக்காதீங்க மச்சான்."

பிறகு நாடாவின் இடத்தில் இரும்பு ஊசி ஒன்று வந்தது. அழுத்தினால் கையைப் பூட்டும், இழுத்தால் விடும். ஆனால் இன்றும் எங்கள் தொழிற்சாலையில் பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "நாடா போட்டாச்சா?" புதிதாக வரும் பொறியாளர்கள் அதை ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

இடையில் வெட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையும் நடந்தது. அண்ணன் பெரும்பாலும் வெளிவேலையில் இருப்பார். போகும்போது, "மாப்ளே, காகிதத்துல கோடு போட்டுப் பாக்காத. ரெண்டு பலகையை வெட்டி மூலையில வச்சுப் பாரு. வெளிச்சம் தெரியலைன்னா வெட்டு சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அப்படியே செய்தார். மிஷினுக்குப் பின்னாலேயே ஒரு மூலை இருந்தது. வெட்டினார், வைத்தார், பார்த்தார். ஒரு மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியாத அளவுக்குச் சரிசெய்து, அந்தக் கோணத்தில் மேடை நிற்கும்படி ஒரு துளை போட்டு, அதில் குச்சி விழும்படி செய்தார். "இனிமே கண்ணை மூடிட்டு வெட்டலாம்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒட்டியிருந்த இடமே தெரியவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நாள் வந்தது. புதிதாகக் கட்டி முடித்த ஒரு கட்டடத்தில் அண்ணனுக்கு ஸ்கர்ட்டிங் வேலை. அதன் கான்ட்ராக்டரை எல்லோரும் 'ஆகட்டும்' என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். அவர் பார்க்கச் சம்மதித்திருந்தார். பிடித்தால் அவருடைய எல்லா வேலைகளுக்கும் எங்கள் ரம்பம்தான்.

நாடாவை இறுக்கினேன். கைப்பிடியைப் பிடித்தேன். தூக்கினேன்.

என் கணவர் பின்னாலேயே இரண்டு கைகளையும் நீட்டியபடி வந்தார், நான் நடை பழகும் குழந்தை என்பதைப் போல.

"தொடாத மாப்ளே, பந்தயம்" என்றார் அண்ணன்.

"தொடலை மச்சான். காத்தைப் புடிச்சிருக்கேன்."

படி இறங்கித் தெருவுக்கு வந்தேன். தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். "என்னம்மா, வீட்டைக் காலி பண்றீங்களா?"

"வீட்டை இல்லண்ணே, இதைத்தான்."

அவ்வளவு நாள் சன்னலிலிருந்து பார்த்த மனிதரிடம் முதல் முறையாகப் பேசியிருந்தேன். அவரும் சிரித்தார். அதைக்கூட நின்று அனுபவிக்க முடியவில்லை, விரல்கள் சிவந்துகொண்டிருந்தன. தெருக்கோடியில் இருந்தது கட்டடம். மூன்றாவது மாடி. ஒவ்வொரு படிக்கும் என் சன்னல், என் நாற்காலி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஏறினேன். அறை நடுவில் மிஷினை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எனக்குள் யாரோ பெரிதாகக் கதவைத் திறந்ததைப் போல இருந்தது.

ஆகட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"ஆகட்டும். வெட்டட்டும், பாக்கலாம்."

என் கணவர் குச்சியைத் துளையில் போட்டு இரண்டு பலகைகளை வெட்டினார். அண்ணன் அவற்றை எடுத்துப்போய் மூலையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தார். ஆகட்டும் பக்கத்தில் குனிந்தார். பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். இரண்டு பலகைக்கும் நடுவில் நுழைத்தார். டிக்கெட் சாவகாசமாக உள்ளே போயிற்று.

"டிக்கெட் ஏறிருச்சே" என்றார்.

மறுபடி வெட்டினார்கள். மறுபடி பஸ் டிக்கெட். பின்பக்கம் ஒட்டுகிறது, முன்பக்கம் வாயைப் பிளக்கிறது. என் கணவரின் முகத்தில் ரத்தமே இல்லை. "வீட்டுல வெளிச்சம்கூடத் தெரியலையே மச்சான். நீயும் பாத்தியேம்மா?"

பார்த்தேன். தலையாட்டினேன். ஆனால் என் மனசு அவர்கூட இல்லை. மிஷின் திரும்பப் படி ஏறுவதை, அதே மூலையில், அதே துளைகளில் மறுபடி முடுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் புருஷன் தோற்று நிற்கிறார், எனக்கு நாற்காலிக் கவலை. அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ள முயன்றேன். வரவில்லை. அவருடைய சங்கடமும் என் ஏமாற்றமும் ஒரே பலகையின் இரண்டு துண்டுகளாகத்தான் இருந்தன.

அண்ணன் இடுப்பிலிருந்து மூலைமட்டத்தை உருவி அந்த அறையின் மூலையில் வைத்தார். கச்சிதம். "செவுரு நேராத்தான் இருக்கு. நம்ம வெட்டுதான் கோணல். மாப்ளே, எந்த மூலையில வச்சுப் பாத்த?"

"மிஷினுக்குப் பின்னாடி இருக்கே, அந்த மூலையிலதான்."

"வேற மூலையில?"

"வேற மூலை எதுக்கு? நீங்கதானே மூலையில வச்சுப் பாக்கச் சொன்னீங்க!"

மிஷினுக்குப் பின்னால் இருக்கும் மூலை. என் பீரோ இருந்த மூலை. முன்விளிம்பு தொடும், பின்னால் சந்து. என் சீப்புகளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது.

"அது கோணல் மூலைங்க! பீரோவே அங்க ஒட்டி நின்னதில்ல. எத்தனை சீப்பை முழுங்கியிருக்கு தெரியுமா? நீங்க மிஷினை நம்ம வீட்டுக்குன்னு அளவெடுத்துத் தைச்சு வச்சிருக்கீங்க."

முதலில் சிரித்தவர் ஆகட்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் மூலைமட்டத்தை நெற்றியில் வைத்துக்கொண்டார். "காகிதத்துல கோடு போட்டுப் பாக்காதேன்னு சொன்னேன், மட்டத்தையே பாக்காதேன்னா சொன்னேன்?" கடைசியாக என் கணவரும் சிரித்தார், காதெல்லாம் சிவந்து.

"சரி, வாங்க" என்று ஆகட்டும் நடந்தார். "அடுத்த கட்டடம் என்னுதுதான். பழசு, ரிப்பேர் நடக்குது. அங்க ஒரு மூலைகூட உருப்படியா இல்ல. உங்க மிஷினுக்கு ஒறவுக்காரங்க நிறையப் பேரு இருப்பாங்க."

நானே தூக்கிக்கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பழைய கட்டடத்தில் மூலைக்கு ஒரு கோணம். ஒன்று ஒடுங்கியிருந்தது, ஒன்று அகன்றிருந்தது. குச்சியைத் துளையில் போட்டு வெட்டிய பலகை எதிலும் பொருந்தவில்லை. அண்ணன் குச்சியைப் பிடுங்கித் தூரப் போட்டார். மேடையைக் கையால் லேசாகத் திருப்பி, திருகை முடுக்கி வெட்டிப் பார்த்தார். இன்னும் லேசாகத் திருப்பினார். வெட்டுவதும் மூலையில் வைப்பதும் நான்கடி தூரம். பட்டறையில் வெட்டியிருந்தால் அந்த ஒரு மூலைக்கே மத்தியானம் போயிருக்கும். ஆகட்டும் டிக்கெட்டை நுழைத்துப் பார்த்தார். ஏறவில்லை. தலைகீழாகத் திருப்பி நுழைத்தார். அப்போதும் ஏறவில்லை.

"இந்தத் துளை எதுக்கு? எந்தக் கோணத்துல வேணா நிக்கற மாதிரி செஞ்சு குடுங்க" என்றார்.

"அப்ப எடுத்துக்கறீங்களா?" என்றார் என் கணவர்.

நாங்கள் எல்லோரும் அந்த 'ஆகட்டும்' வரும் என்று காத்திருந்தோம்.

"சரி" என்றார் கான்ட்ராக்டர்.

துளையின் இடத்தில் நீண்டு வளைந்த பிளவாக ஒரு காடி வந்தது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி முடுக்கலாம் என்று. அதுதான் எங்கள் ரம்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நேரான வீடுகள் குறைவு, கோணல் வீடுகள்தான் அதிகம் என்று தச்சர்களுக்குத் தெரியும். கொட்டகை பட்டறையாயிற்று, பட்டறை தொழிற்சாலையாயிற்று. பலகையில் அதெல்லாம் எழுதியிருக்கிறது.

எழுதாதது இது. அறை காலியான மறுநாள் தரையைக் கழுவி, சன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தையல்காரர் நிமிர்ந்து கையசைத்தார். இனி அவரைத் தெரியாமல் பார்க்க முடியாது என்று புரிந்தது. பரவாயில்லை, அவர் தலையைக் குனிந்து துணியோடு பேசத் தொடங்கியதும் என்னை மறந்துவிட்டார். நானும் என்னை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. என் கணவர், கையில் காடி வைத்த புது ரம்பம். பின்னால் அண்ணன்.

"ஒரே ஒரு வெட்டு" என்றார் அவர் தரையைப் பார்த்தபடி.

"எதுக்கு?"

"கொட்டகையில எல்லா மூலையும் நேரா இருக்கும்மா. மச்சான் கட்டினது. கோணல் மூலைக்கு எங்க போறது? எவ்வளவு கோணல்னு அளந்து வச்சிருக்கற ஒரே மூலை இதுதான்."

"ஒவ்வொரு மிஷினும் இங்க வந்து பாஸாகிட்டுத்தான் போகணும் தங்கச்சி" என்றார் அண்ணன், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பவரைப் போல.

கதவை மூடிவிட்டிருக்கலாம். பந்தயம் என் பக்கம். ஆனால் அந்த மிஷின் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தரையில் முடுக்கப்படாமல், கை கட்டப்பட்டு, வந்த வழியே போகத் தயாராக. அதற்கு அந்தக் குணத்தை வரவழைக்க நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

"ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் வரணும். தூக்கிட்டு வர்றவங்களே தூக்கிட்டுப் போகணும். தூளைப் பெருக்கிட்டுப் போகணும்."

"பெருக்கிருவோம்."

"கீழ வைக்கக் கூடாது, வெட்டற நேரம் தவிர."

"வைக்கமாட்டோம்."

உள்ளே விட்டேன். வெட்டினார்கள், மூலையில் வைத்தார்கள், வெளிச்சம் பார்த்தார்கள். என் கணவர் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார். அண்ணன் ஊசியை அழுத்திக் கையைப் பூட்டினார். படியில் அவர்களுடைய பேச்சுச் சத்தம் இறங்கிப்போனது. அறை மறுபடி என்னிடம் வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் பெரியதாக.

சாயங்காலம் அண்ணி வந்தார். வாசலிலேயே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாவது நாற்காலியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றார் உட்கார்ந்துகொண்டு.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் அண்ணி."

"ம்" என்று சொல்லிவிட்டு எதிர்ச்சாரியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அந்தாளு துணிகிட்ட என்னடி பேசறான்?"